ஒரு பார்வைக்கு மூன்று நொடி

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டெல்சியாவின் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு பார்வைகள் இருந்தன. பத்தாயிரம் சேர்ந்தால்தான் ட்ரோன் கிளம்பும்.

நண்டு கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிற முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பார்வையும் கணக்கும் எதற்கு என்றுதானே கேட்பீர்கள்? அவளுக்கும் வேண்டாம்தான். அவளுக்கு வேண்டியது தம்பி ரோமால்ட். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது. அன்றிலிருந்து சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், காய்ச்சலுக்கு மடியில் போட்டு, தனக்கென்று ஒரு கல்யாணத்தைக்கூட நினைக்காமல் அவள் ஆளாக்கின பிள்ளை. புதன்கிழமை விடியலில் நாலு பேராக வள்ளத்தில் போனார்கள். ரோமால்ட், அவனுடைய கூட்டாளி லயோன், வேம்பாரிலிருந்து வந்த இரண்டு பேர். அன்று சாயங்காலம் காற்று மாறிச் சுழன்று அடித்தது. மற்ற வள்ளங்கள் எப்படியோ கரை வந்து சேர்ந்தன. இவர்களுடையது வரவில்லை.

அரசுக் கப்பல் வியாழனும் வெள்ளியும் தேடியது. இரண்டு நாள்தான் விதி. அதற்குப் பிறகு ஆளைத் தொலைத்த குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அதற்குக் 'கடற்கண்' என்று பெயர். கணக்குத் தொடங்கினால் முதல் அரைமணி நேரம் இலவசமாக ஒரு ட்ரோனைக் கடல்மேல் பறக்கவிட்டு, அது காண்பதை ஊருலகத்துக்கெல்லாம் நேரலையாகக் காட்டுவார்கள். குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டியும் உண்டு. டெல்சியாவுக்கு வாய்த்தவள் மதிவதனி, சென்னையில் உட்கார்ந்து போனில் பேசுகிற பெண். நல்ல பிள்ளைதான், குரலில் ஒரு தண்மை இருந்தது.

"மேடம், படகு நேரா நின்னா மெஷினே கண்டுபிடிச்சிரும்" என்றாள் மதிவதனி. "கவுந்த படகு, மிதக்கிற பெட்டி, ஒரு தலை, இதெல்லாம் அலையோட அலையா போயிடும். அதுக்கு மனுஷக் கண்ணுதான் வேணும். கடல்ல ஏதாவது வித்தியாசமா இருந்தா நம்ம கண்ணு நமக்கே தெரியாம அங்க நிக்கும். நூறு பேர் கண்ணு ஒரே நேரத்துல ஒரே இடத்துல நின்னா, ட்ரோன் தானா கீழ இறங்கிப் பாக்கும்."

"அப்போ நூறு பேரு போதும்லா?"

"கண்டுபிடிக்க நூறு போதும். பறக்கத்தான் பார்வை வேணும். பார்வை வந்தா விளம்பரம் வரும், விளம்பரம் வந்தா ட்ரோன் கிளம்பும். பத்தாயிரம் பார்வைக்கு அரைமணி நேரம்."

பார்வை என்றால் என்ன என்று டெல்சியா கேட்டாள். அவள் பாஷையில் பார்ப்பது என்றால் பார்ப்பதுதான். மதிவதனி பொறுமையாகச் சொன்னாள். ஒருவருடைய கண் திரையில் மூன்று நொடி இருந்தால் ஒரு பார்வை. போனில் இருக்கிற காமிராவே கண்ணைக் கவனித்து எண்ணிக்கொள்ளும். அதே ஆள் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஆறு மணி நேரத்துக்குச் சேராது. டெல்சியா அவ்வளவையும் நண்டு கம்பெனி ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுக்க அந்த இலவச அரைமணியின் பதிவுதான் ஓடியது. வெறும் நீலம். யார் பார்ப்பார்கள்? உறவுக்காரர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் புன்னைத்துறை ஊரே சேர்ந்து ஒரு முடிவு செய்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவர்கள் வராவிட்டால் வீட்டுக்கொரு மெழுகுதிரி அந்தோணியார் பீடத்தில் எரியும். ஏற்றிவைத்துவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். திரி தன்பாட்டுக்கு எரியும், மன்றாட்டும் தன்பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். இந்தத் தடவை திரிக்குப் பதில் போன். பங்குச்சாமியார் ஒலிபெருக்கியில் சொன்னதுதான் தாமதம், முந்நூற்று நாற்பது போன்கள் வந்துவிட்டன. கோயில் பெஞ்சுகளில் வரிசையாகச் சாய்த்துவைத்து, சார்ஜர் கம்பிகளைப் பின்னிப் பிணைத்து, எல்லாவற்றிலும் கடலை ஓடவிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டெல்சியா வாசலில் நின்று அழுதாள். இத்தனை பேர் தனக்காக வந்தார்களே என்கிற நன்றியில் வந்த அழுகை அது.

ஒரு மணி நேரத்தில் மதிவதனி கூப்பிட்டாள்.

"மேடம், என்ன பண்ணீங்க? கள்ளப் பார்வைன்னு கணக்கைப் பூட்டிட்டாங்க. ஒரே கட்டடத்துல முந்நூத்தி நாப்பது போன், ஒண்ணுக்கு முன்னாடியும் ஆளில்ல. நாலஞ்சு போன் மட்டும் ஒரு கண்ணைப் பாத்திருக்கு. அந்தக் கண்ணு ஒரு மணி நேரமா இமைக்கவே இல்லன்னு ரிப்போர்ட்டு."

"அது அந்தோணியார்மா" என்றாள் டெல்சியா. "பீடத்துல இருக்க சுரூபம்."

மதிவதனி சிரிக்கவில்லை. திங்கள் மதியம்வரை கணக்கு பூட்டியிருக்கும், இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒரேயடியாக மூடிவிடுவார்கள் என்று மட்டும் சொன்னாள்.

டெல்சியா பேய் துரத்துவதுபோல் ஓடினாள். பங்குச்சாமியாரைப் பிடித்து, இனி ஊர்க்காரர்கள் ஒருத்தரும் அந்தக் கணக்குப் பக்கமே போகக்கூடாது, தொடவே கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னாள். அவரும் மூன்று தடவை சொன்னார். புன்னைத்துறைக்காரர்கள் ஒலிபெருக்கி சொன்னால் கேட்கிறவர்கள். ஆளுக்கொரு பக்கம் போனைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கேட்காதவள் ஒருத்திதான், லயோனின் பெண்டாட்டி ரீத்தா. பக்கத்து வீடு. பெரிய டீவியில் கடலைப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆள்தானே, போகட்டும் என்று டெல்சியாவும் விட்டுவிட்டாள்.

திங்கள் மதியம் கணக்கு திறந்தபோது எண்ணிக்கை எழுநூறு. ரோமால்ட் தண்ணீரில் கிடந்து ஐந்தாம் நாள் ஆகியிருந்தது. டெல்சியா போனில் மதிவதனியிடம் கெஞ்சினாள், ஒரு வழி சொல்லு தாயி, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று.

"சொல்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்குக்கா" என்றாள் மதிவதனி. முதல்முறையாக அக்கா என்றாள். "சனங்க கடலைப் பாக்க மாட்டாங்க. முகத்தைப் பாப்பாங்க. திரையில ஒரு மூலையில உங்க முகத்தைக் காட்டலாம். வசதி இருக்கு."

டெல்சியா ஸ்டூல்மேல் போனை நிறுத்தி, எதிரே தரையில் உட்கார்ந்தாள். முதலில் நீரோட்டத்தைப் பற்றிச் சொன்னாள், காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று சொன்னாள். எண்ணிக்கை ஆமைபோல் நகர்ந்தது. பிறகு தம்பி பெயரைச் சொல்ல வாயெடுத்தவள் உடைந்துபோனாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எண் மூவாயிரத்தில் நின்றது. அடுத்த நிமிடம் ஒன்பதாயிரம். பிறகு ட்ரோன் கிளம்பியது.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். பெருங்குரலெடுத்து அழுதால் ஆட்கள் போய்விடுகிறார்கள். அழுகையை அடக்கப் பார்த்து, முடியாமல் உதடு துடிக்கிற இடத்தில்தான் கூடுகிறார்கள். கடலைப் பற்றிப் பேசினால் எண் சரிகிறது. ரோமால்ட் சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த போட்டோவைக் காட்டினால் ஏறுகிறது. முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். மறுபடி கேட்டது, மறுபடியும் அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணீர் வரவில்லை. ஆறு நாள் அழுத கண்ணில் என்ன மிச்சம் இருக்கும்? தைலப் புட்டியைத் திறந்து கண்ணுக்குக் கீழே ஒரு விரல் தடவிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ரீத்தா உள்ளே வந்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டெல்சியாவுக்குக் குறுகிப்போயிற்று. மூடியைத் திருகிப் புட்டியைப் பாய்க்கடியில் தள்ளினாள்.

ரீத்தா அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, ஒன் மூஞ்சியக் கொஞ்சம் சின்னதாக்கேன். டீவியில பாதிக் கடலு தெரிய மாட்டேங்கு."

"மூஞ்சி இல்லன்னா கடலே இல்லட்டி" என்று டெல்சியா சீறினாள். "ஓசியிலயா பறக்கு அது? ஒம் புருசனுக்கும் சேத்துத்தான அழுதேன்."

ரீத்தா தலையைக் குனிந்துகொண்டு போனாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று டெல்சியாவுக்குத் தோன்றியது. ஆனால் எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பதினொன்றரை மணிக்கு எண் தேங்கிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அந்தக் குரல்பதிவு ஞாபகம் வந்தது. போன வாரம் கடலிலிருந்து ரோமால்ட் அனுப்பியது. இத்தனை நாளும் அதைத் தனக்கென்று வைத்திருந்தாள், யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. இப்போது போனுக்கு எதிரே பிடித்து ஓடவிட்டாள். 'யக்கா, சோத்தைப் போட்டு மூடி வச்சுட்டு நீ தின்னுட்டுப் படு. முழிச்சிட்டுக் கெடக்காத. நான் வந்துருவேன்.' எண் பொங்கியது. எழுபதாயிரம், ஒரு லட்சம், ஒன்று நாற்பது. மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும். இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரம். பதினோரு மணி நேரத்துக்குமேல் பறக்கலாம். அவள் அழுதுகொண்டே இருந்தாள், உள்ளுக்குள் ஒரு கும்மாளம். உண்மையைச் சொன்னால், அந்தச் சில நிமிடங்கள் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அன்றைக்கு ட்ரோன் பொழுது சாயும்வரை பறந்தது. எங்கேயும் கீழே இறங்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் ரீத்தா வந்து டெல்சியாவைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. நேற்றிலிருந்து கண்ணில் என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது, எங்கே எதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை, அதனால் நேற்றைய பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன் என்றாள். டீவியில் பதிவை நிறுத்திவைத்திருந்த இடத்தில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு. வலதுபுறம் பெரிதாக டெல்சியாவின் முகம், உதடு துடிக்கிறது. இடது ஓரத்தில் கடல். அலைகளுக்கு நடுவே கவிழ்ந்த வள்ளத்தின் வெள்ளை முதுகு. அதன்மேல் மஞ்சளாக ஒன்று எழுந்து இங்கும் அங்கும் அசைந்தது. ட்ரோன் கடந்துபோயிற்று. மொத்தம் நாலு நொடி.

ரோமால்ட் போன புதன்கிழமை மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டுதான் போனான். டெல்சியாவே கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அவள் மதிவதனியைக் கூப்பிட்டாள்.

"அந்த நேரத்துல எத்தன பேரு பாத்துட்டிருந்தாவ?"

விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "நேரலையில அறுபத்தெட்டாயிரம் பேர்க்கா."

"ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

"பட்டிருக்கு" என்றாள் மதிவதனி. "எழுபத்தொரு பேர் கண்ணு அங்க நின்னிருக்கு. நூறு இருந்தாத்தான் ட்ரோன் இறங்கும். மத்தவங்க எல்லாரும் உங்க முகத்தைத்தான் பாத்திருக்காங்க. திரையில எங்க பாத்தாலும் பார்வைதான்க்கா. நாங்க அப்படித்தான் எண்ணுறோம்."

இருபத்தொன்பது பேருடைய கண்கள்தான் குறைந்திருந்தன. அலமாரிகளில் பூட்டிக் கிடந்தன முந்நூற்று நாற்பது போன்கள். பிறந்ததிலிருந்து கடலையே பார்த்துப் பழகிய கண்கள். தொடாதே என்று அவளே சொல்லவைத்திருந்தாள்.

"நானு?" என்று டெல்சியா கேட்டாள். "நான் எங்கம்மா பாத்துட்டிருந்தேன்?"

"விடுங்கக்கா."

"சொல்லு."

"எண்ணிக்கையப் பாத்துட்டிருந்தீங்க" என்றாள் மதிவதனி.

அழுவதற்குக்கூட நேரமில்லை. டெல்சியா கோயிலுக்கு ஓடினாள். பங்குச்சாமியாரைக் கேட்காமலே ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லாரும் போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், வைத்துவிட்டுப் போகாதீர்கள், கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள் என்று கத்தினாள். மீன் ஏலத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள். நேற்று அழுது சம்பாதித்த நேரத்தில் ஐந்து மணி நேரம் பாக்கி இருந்தது. நேற்றைய இடத்திலிருந்து நீரோட்டம் இழுத்திருக்கக்கூடிய திசையை அங்கே இருந்த எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள், அவள் மதிவதனிக்குச் சொன்னாள். பிறகு திரையிலிருந்து தன் முகத்தை எடுத்தாள். எண்ணிக்கையையும் மறைத்துவிட்டாள். முகம் போனதும் ஊருலகம் கலைந்துபோயிருக்கும். எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை.

கோயிலுக்குள் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும்தான். இருமல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் நடுவில் டெல்சியா உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். ஏழு நாளில் அவள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண் எரிந்தது, நேற்றுத் தடவிய தைலம் இன்னும் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், திரையில் கடல் சட்டென்று பெரிதாகத் தொடங்கியது. ட்ரோன் தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளை முதுகு தெரிந்தது. அதன்மேல் குப்புறப் படுத்துக் கிடந்தவர்கள் இரண்டு பேர். மஞ்சள் நிறம் எங்கேயும் இல்லை.

வள்ளங்கள் போய் மத்தியானத்துக்குமேல் கொண்டுவந்தார்கள். லயோனும் வேம்பார்க்காரர்களில் இளையவரும். மூத்தவர் மூன்றாம் நாளே போய்விட்டாராம். ஐஸ் பெட்டியில் கரைந்த தண்ணீரைப் பங்கு போட்டுக் குடித்து மற்றவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். லயோனின் உதடு வெடித்து, தோல் உரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. கரையில் கிடத்தி ரீத்தா ஈரத்துணியால் வாயை நனைத்தாள். அவன் கண்ணைத் திறந்து சுற்றிலும் தேடி டெல்சியாவைக் கண்டுபிடித்தான். பக்கத்தில் வரச் சொல்லிக் கையசைத்தான்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் மண்ணில் மண்டியிட்டாள்.

நேற்று உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ட்ரோன் தலைக்குமேல் வந்தது என்று அவன் விட்டுவிட்டுச் சொன்னான். எங்கள் இரண்டு பேருக்கும் தலை தூக்கத் திராணி இல்லை, ரோமால்ட்தான் எழுந்து நின்றான். வழுக்குகிற வள்ளத்தின்மேல் நின்று பனியனைக் கழற்றி வீசி வீசிக் காட்டினான். அது போன பிறகும் அவன் உட்காரவில்லை. திரும்பி வரும், வரும்போது எல்லாரும் படுத்துக் கிடந்தால் செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் போய்விடும் என்று நின்றுகொண்டே இருந்தான். சாயங்காலம் ஒரு அலை வந்து தட்டிவிட்டது.

"நான் உக்காருலே உக்காருலேன்னு கெஞ்சினேன்க்கா" என்றான் லயோன். "கேக்கவே இல்ல. எங்கக்கா பாத்துட்டிருப்பா, வேற யாரு பாக்காட்டியும் அவ பாத்துட்டிருப்பான்னு சிரிச்சான்."

ரீத்தா முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

லயோன் டெல்சியாவின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் வலுவே இல்லை.

"பாத்தியாக்கா அவன?"

டெல்சியா அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"பாத்தேன்யா" என்றாள்.